தத்துப்பிள்ளையின் வம்சாவளி

ஆடி அமாவாசையன்று கொழும்பு முகத்துவாரக் கடற்கரைக்குச் சென்றோர் அறிவர். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் வந்த மக்கள் அங்கே கூடியிருப்பர். தந்தையை இழந்த மைந்தர், விரலில் தருப்பை அணிந்து, எள்ளும் நீரும் இறைத்துப் பிதிர்க்கடன் செய்வர். குருக்கள் ஒவ்வொருவரிடமும் கேட்கும் கேள்வி ஒன்றே: "தகப்பனார் பெயர் என்ன? பேரனார் பெயர் என்ன? பூட்டனார் பெயர் என்ன?"

என்னை வளர்த்த தந்தையார் காலமான ஆண்டில் நானும் அவ்வரிசையில் அமர்ந்திருந்தேன். குருக்கள் என் முன் வந்து கேட்டபோது என் நா எழவில்லை. பெயர் தெரியாமல் அன்று. இரண்டு தகப்பனார் பெயர்கள் தெரிந்திருந்தமையால். நான் ஒரு தத்துப்பிள்ளை. பிள்ளையில்லாத என் பெரியம்மாவும் பெரியப்பாவும் என்னைக் கைக்குழந்தையாக ஏற்றுக் கொட்டாஞ்சேனையில் வளர்த்தனர். அவர்களையே அம்மா, ஐயா என்று அழைத்தேன். என்னைப் பெற்றவளைச் சின்னம்மா என்று அழைத்தேன். அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதற்காகப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எடுத்த அன்றுதான், தாய் என்ற இடத்திலே சின்னம்மாவின் பெயர் எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன்.

அன்று முகத்துவாரத்தில் குருக்கள் சற்றுப் பொறுத்திருந்துவிட்டு, "தெரிந்த பெயரையெல்லாம் சொல்லும் தம்பி. நீர் இறைப்பதற்குக் கணக்கு இல்லை" என்றார். அச்சொல் என் மனத்தில் நெடுநாள் தங்கியது. நம் வாலிபர் பலர் இக்காலத்தில் தம் குடும்பக் கொடிவழியை எழுத முற்பட்டிருக்கின்றனர். அவர்களுள் என் போன்றோரும் இருப்பர். வெளியே சொல்லாதோர் இன்னும் பலர் இருப்பர். தத்துப்பிள்ளையாகிய ஒருவன் தன் வம்சாவளியை எவ்வாறு எழுதுவது? இதற்கு நம் சரித்திரமும் சமயமும் சட்டமும் என்ன விடை கூறுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் கொடியும்

வம்சாவளியைத் தமிழில் கொடிவழி என்பர். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் என மருவிற்று. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் பாட்டனையும் பேரன் என்றே அழைப்பர். பெயர் ஒன்று, அதைத் தாங்குவோர் இருவர் என்ற கருத்து அவ்வழக்கிலே தெளிவாக விளங்குகின்றது. ஆகவே நம் முன்னோருக்கு வம்சாவளி என்பது ஏட்டில் எழுதிவைக்கும் பொருள் மாத்திரமன்று. பெயரிடுதலிலும், பிதிர்க்கடனிலும், திருமணத்திற்கு உறவு பார்த்தலிலும் நாளாந்தம் வழங்கிவந்த ஒன்றாகும்.

இத்தகைய வழக்கினிடையே தத்துப்பிள்ளையின் நிலை என்ன? முருகப்பெருமானுக்குக் கார்த்திகேயன் என்ற திருநாமம் வந்தது எதனால்? பாலூட்டி வளர்த்த கார்த்திகைப் பெண்டிர் அறுவராலன்றோ? சிவகுமாரன் என்று வழங்கும் அதே வாயால் வளர்த்தோர் பெயராலும் அவனை அழைக்கின்றோம். நம் கதிர்காமத்து வள்ளிநாயகியோ வேடர் தலைவன் நம்பிராசன் கண்டெடுத்து வளர்த்த மகள். இவை புராணங்கள். இனி, தாம் பாடிய பாடலிலே தம் பிறப்பையும் வளர்ப்பையும் தாமே குறித்துவைத்த ஒரு பெரியாரைக் காண்போம்.

நாவலூரரின் இரு தந்தையர்

சுந்தரமூர்த்தி நாயனார் எட்டாம் நூற்றாண்டளவில் வாழ்ந்தவர் என்பர். திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகப் பிறந்தவர். அவ்வூர் இன்று தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளது. குழந்தை தெருவிலே சிறுதேர் உருட்டி விளையாடுவதை அந்நாட்டு மன்னர் நரசிங்க முனையரையர் கண்டார். அன்பு மேலிட்டுச் சடையனாரிடம் சென்று குழந்தையை வேண்டிப் பெற்று, தம் மகனாகவே வளர்த்தார். எனினும் சிறுவர் அரச செல்வத்தில் வளர்ந்தாரேயன்றித் தம் பிறப்பு மரபை விட்டு நீங்கவில்லை. உரிய பருவத்தில் பூணூல் அணிந்து கலைகள் பயின்றார் எனச் சேக்கிழார் கூறுவர். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். தத்துக் கொடுத்தலைச் சொல்லும் அவர் அதை ஒளிக்க வேண்டிய செய்தியாகக் கருதவில்லை என்பதை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும்.

திருமணப் பருவம் வந்தது. புத்தூரில் மணப்பந்தலிலே முதிய அந்தணர் ஒருவர் தோன்றி, "இவன் என் அடிமை. இவனுடைய பாட்டன் எழுதித் தந்த ஓலை என் கையில் உளது" என்றார். நாவலூரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். முதியவர் கலங்கவில்லை. "கிழித்தது படி, மூலம் என்னிடம் பத்திரமாக உளது" என்றார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது.

அவையோர் முறை தவறாது விசாரித்தனர். வழக்கொன்றை நிறுவுவதற்கு மூன்று வழிகள் உள என்றனர்: வழிவழி வந்த அனுபோகம், எழுத்து ஆவணம், அயலாரின் சாட்சி. முதியவர் மூல ஓலையைக் காட்டினார். தாமும் தம் மரபில் வருவோரும் வழிவழியாகத் தொண்டு செய்வதாகத் திருநாவலூர் ஆரூரன் எழுதிக் கொடுத்த ஓலை அது. நம்பியாரூரருடைய பாட்டன் பெயரும் ஆரூரன் என்பதே. அதன்பின் அவையோர் அப்பாட்டன் எழுதியதாகக் காப்பில் இருந்த வேறோர் ஓலையை வருவித்து, இரண்டிலும் கையெழுத்து ஒத்திருப்பதைக் கண்டு, ஓலை மெய்யென முடிவு செய்தனர்.

இவ்வரலாற்றைத் தடுத்தாட்கொண்ட திருவிளையாடலாகவே நாம் படித்துவருகின்றோம். வம்சாவளி எழுதுவோன் அதில் வேறொன்றையும் காண்பான். நாவலூரர் அரசரின் வளர்ப்பு மகன். ஆகையால் பிறப்பு மரபின் ஓலை அவரைக் கட்டாது என்று அவ்வவையில் ஒருவரும் வாதாடவில்லை. வளர்ப்பினால் பிறப்பு மரபு அழிந்துபோகவில்லை. மேலும், படியைக் கிழித்தாலும் மூலம் அழிவதில்லை என்ற உண்மையும் அங்கே விளங்குகின்றது. தத்துப்பிள்ளையின் பிறப்பை மறைக்க முயன்ற குடும்பங்கள் பலவும் காலங்கடந்து கற்றுக்கொண்ட பாடம் இதுவேயாகும்.

பிற்காலத்தில் திருவாரூரில் நாயனார் திருத்தொண்டத்தொகை பாடினார். அடியார்களின் பெயர் நிரலாகிய அப்பதிகமே பெரியபுராணத்துக்கு முதனூல். அதன் இறுதிப் பாட்டிலே தம் தந்தை சடையனார் பெயரையும் தாய் இசைஞானியார் பெயரையும் வைத்தார். அதே தொகையில் நரசிங்க முனையரையரையும் ஓர் அடியாராகப் போற்றினார். முனையரையர் திருவாதிரை நாளில் அடியார்க்குப் பொன் வழங்கிய பெருந்தகை. ஆதலின் அறுபத்துமூவருள் பெற்ற தந்தை, பெற்ற தாய், வளர்த்த தந்தை, மகன் ஆகிய நால்வரும் உளர். சிவாலயப் பிராகாரத்தில் நாயன்மார் திருவுருவங்கள் வரிசையாக நிற்குமிடத்தை வலம்வரும்போது இந்நால்வரையும் தேடிப் பாருங்கள். தத்துப்பிள்ளை ஒருவர் தாமே எழுதிய வம்சாவளி அங்கே கல்லில் நிற்கின்றது.

இன்னொன்றும் உண்டு. கோட்புலி நாயனார் தம் புதல்வியர் சிங்கடியாரையும் வனப்பகையாரையும் பணிப்பெண்களாக ஏற்கும்படி வேண்ட, சுந்தரர் அவர்களைத் தம் மக்களாக ஏற்றுக்கொண்டார். பதிகங்களில் தம்மைச் சிங்கடிக்குத் தந்தை என்றும் வனப்பகைக்குத் தந்தை என்றும் குறிப்பிட்டார். மகனாக ஏற்கப்பட்டவர், பிறர் மக்களைத் தம் மக்களாக ஏற்றார். கொடி இவ்வாறும் படரும்.

தரும நூலும் தேசவழமையும்

வடமொழித் தரும நூல்கள் இவ்விடயத்தில் ஒரு குரலாகப் பேசவில்லை. தத்தனாகக் கொடுக்கப்பட்ட மகன் பெற்ற தந்தையின் கோத்திரத்தையும் சொத்தையும் கொள்ளலாகாது என்று மனு தருமசாத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் விதிக்கின்றது. ஆனால் இரு தந்தையர்க்கும் உரிய மகன் என்ற ஒருவகைத் தத்தனையும் தரும நூலோர் அறிந்திருந்தனர். அவனைத் துவயாமுஷ்யாயணன் என்பர். பெற்றவரும் ஏற்றவரும் உடன்பட்டு, "இவன் நம்மிருவர்க்கும் மகன்" எனக் கொண்டால், அவன் இருவர்க்கும் பிண்டமிடுவான். முகத்துவாரத்துக் குருக்கள் என்னிடம் சொன்னது நூலிலே இடமுள்ள சொல்லேயாகும்.

நமது நாட்டு வழக்கத்துக்கு வருவோம். ஒல்லாந்தர் ஆட்சியில் தேசாதிபதி சீமோன்சு கட்டளையிட, யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாசு ஐசாக்சு என்பவர் நம் மக்களின் வழமைகளைத் திரட்டி 1707ஆம் ஆண்டு அளித்தார். பன்னிரு முதலியார்கள் அதைப் பரிசீலித்து ஒப்பினர். இதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டு அதற்குச் சட்டவலிமை தந்தனர்.

அத்தேசவழமையில் சுவீகாரத்துக்கெனத் தனிப் பகுதி உண்டு. பிள்ளையில்லாத கணவனும் மனைவியும் பிறர் பிள்ளையை ஏற்க விரும்பின், முதலில் தம் உடன்பிறந்தாரின் சம்மதத்தைப் பெறல் வேண்டும். உடன்பிறந்தார் இல்லையேல், சொத்துக்கு உரித்தாளராகக் கூடிய நெருங்கிய உறவினரின் சம்மதத்தைப் பெறல் வேண்டும். பின்னர் உறவினர் முன்னிலையில் மஞ்சள் நீர்ச் சடங்கு நிகழும். சம்மதத்துக்கு அடையாளமாக உறவினர் மஞ்சள் நீரில் விரல் தோய்ப்பர். ஏற்போர் அந்நீரைப் பருகுவர். அதன்பின் பிள்ளை வளர்த்தோரின் சொத்துக்கு உரிமை பெறும். பெற்றோரின் சொத்துக்கான உரிமையை இழக்கும்.

இச்சடங்கு இன்று வழக்கில் இல்லை. ஆயினும் அதன் உட்கருத்தை நோக்குங்கள். சொத்துரிமை மாறிற்று, பிறப்பு மறைக்கப்படவில்லை. ஊரறிய, உறவறிய, பெற்றோரும் ஏற்றோரும் அறிய நடந்த காரியம் அது. மஞ்சள் நீர் பருகிய வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தான் யார் வயிற்றில் பிறந்தவன் என்பதை ஒருவர் மறைத்தாலும் பலர் சொல்லியிருப்பர். "நம் பழைய வழக்கம் இரகசியம் காப்பது" என்று இன்று சிலர் கூறுவது சரித்திரத்துக்கு முரணாகும். நாமறிந்த வழக்கம் சாட்சி வைத்தலேயன்றி வாய்பொத்தலன்று.

பத்திரமும் பதிவும்

இக்காலச் சட்டம் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்தோடு தொடங்குகின்றது. அதன்படி நீதிமன்றத்தின் கட்டளையினாலேயே மகவேற்பு நிறைவேறும். மகவேற்கப்பட்ட பிள்ளைகளுக்கெனப் பதிவாளர் நாயகம் தனிப் பதிவேடு வைத்திருப்பார். பிள்ளையை ஏற்பவர் 25 வயதைக் கடந்தவராயும், பிள்ளையிலும் 21 வயதேனும் மூத்தவராயும் இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. இவை பிள்ளையின் நலன் கருதி வகுக்கப்பட்டவை.

ஆயினும் நம் குடும்பங்களில், சிறப்பாக உறவினர் பிள்ளையை உறவினரே வளர்க்கும்போது, நீதிமன்றம் செல்லாமலே காரியம் முடிந்துவிடுவது உண்டு. மஞ்சள் நீரும் இல்லை. நீதிமன்றக் கட்டளையும் இல்லை. அன்பு மாத்திரம் உண்டு. அன்பு பெரிது, ஆனால் அன்புக்குப் பத்திரம் இல்லாதவிடத்து, வளர்த்தோர் மறைந்தபின் அப்பிள்ளை காணி வழக்கில் தனித்து நிற்க நேரிடும். பெரியோர்கள் இதைச் சிந்தித்தல் வேண்டும்.

வம்சாவளி வெறும் குடும்பப் பெருமைக்குரியதன்று என்பதை இந்நாட்டுத் தமிழர் கசப்போடு அறிந்த காலமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அதற்குமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இங்கே பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பாட்டன் பெயருக்கும் பூட்டன் பெயருக்கும் கூடுகள் அமைந்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மலைநாட்டுத் தோட்டங்களிலும் கொழும்பிலும் உழைத்த இந்திய வமிசாவளித் தமிழர் பெருந்தொகையினர், பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள் என்பதற்குப் பத்திரம் காட்ட இயலாது நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பற்றியே பேசிற்று. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் அவ்வரலாறு பெரும்பாலும் முடிவுக்கு வந்தது.

அதே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் வியப்புக்குரிய ஒரு பிரிவு உளது. பெற்றோர் இன்னார் என அறியப்படாது, பிறந்தவுடன் கைவிடப்பட்டு இந்நாட்டிற் கண்டெடுக்கப்பட்ட குழந்தை, மாறாக நிரூபிக்கப்படும்வரை வம்சாவளிப் பிரசையாகவே கொள்ளப்படும் என்பது அது. வம்சமே தெரியாத குழந்தைக்குச் சட்டம் ஒரு வம்சாவளியை அளித்தது. வம்சம் தெரிந்தும் பத்திரம் இல்லாதவர்க்கு அதை மறுத்தது. கொடிவழி இரத்தத்தால் மாத்திரம் ஆவதன்று, பிறர் ஒப்புக்கொள்வதாலும் ஆவது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பொய்ப் பத்திரத்தின் துயரம்

1970களிலும் 1980களிலும் இலங்கைக் குழந்தைகள் பலர் வெளிநாட்டவர்க்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். ஐரோப்பாவுக்குச் சென்றோர் ஏறக்குறைய 11,000 பேர் என மதிப்பிடுவர். அவர்களுள் நெதர்லாந்து, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளுக்குச் சென்றோர் வளர்ந்து, வயது வந்தபின் தம் தாயைத் தேடி இங்கு வந்தனர். பத்திரத்தில் எழுதப்பட்ட ஊருக்குச் சென்றோர் சிலர், அங்கே அப்பெயருடைய தாய் இல்லை எனக் கண்டனர். குழந்தையைக் கையளித்தபோது தாயாக நின்றவள் தாயல்லள், கூலிக்கு வந்தவள் எனப் பின்னர் அறிந்தோரும் உளர். 2017ஆம் ஆண்டு நெதர்லாந்துத் தொலைக்காட்சியொன்று இம்முறைகேடுகளை வெளிப்படுத்தியது. 2020ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்து அரசு வருத்தம் தெரிவித்தது. 2021ஆம் ஆண்டு நெதர்லாந்தின் விசாரணைக் குழு, இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த மகவேற்புக்களில் பாரிய முறைகேடுகள் இருந்தன என அறிக்கையிட்டது. இலங்கையோ 1992ஆம் ஆண்டு சட்டத்தை இறுக்கியதோடு, நாடுகளுக்கிடையிலான மகவேற்பு பற்றிய ஹேக் சமவாயத்திலும் 1995ஆம் ஆண்டு சேர்ந்துகொண்டது.

அப்பிள்ளைகளுள் பலர் அன்போடுதான் வளர்க்கப்பட்டனர். வளர்த்தோரை அவர்கள் வெறுக்கவுமில்லை. எனினும் தேடுகின்றனர். எதை? செல்வத்தையன்று, ஒரு பெயரை. ஸ்கொத்லாந்தில் தத்துப்பிள்ளை தன் பிறப்புப் பதிவைக் காணும் உரிமை 1930ஆம் ஆண்டு முதல் உண்டு. இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் 18 வயதானோர்க்கு அவ்வுரிமை கிடைத்தது. பிறப்பை அறிதல் வளர்த்தோர்க்கு இழைக்கும் நன்றிக்கேடு அன்று என்பதை உலகம் மெல்ல மெல்ல ஏற்றுவருகின்றது. உடல்நலக் காரணமும் உண்டு. தலசீமியா போன்ற நோய்கள் பரம்பரையாய் வருவன. நீரிழிவும் குடும்பவழித் தொடர்புடையது. திருமணத்திலும் அவ்வாறே. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து மகவேற்புச் சட்டம் பிறந்த குடும்பத்தோடுள்ள தொடர்பை நீக்குகின்றது. ஆயினும் பிறந்த குடும்பத்தில் மணக்கக்கூடாத உறவை அப்பிள்ளை மணத்தலாகாது என்றும் கூறுகின்றது. அவ்விதியைக் காப்பதற்கேனும் பிறப்பை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

எழுதும் முறை

இனி, கொடிவழி எழுதப் புகும் வாலிபர்க்குச் சில சொல்வேன். திருவெண்ணெய்நல்லூர் அவையோர் சொன்ன மூன்று வழிகளே இன்றும் போதியன.

முதலாவது அனுபோகம். வீட்டில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களைக் குறியுங்கள். திவசம் வரும் மாதமும் திதியும் எவை? எந்த ஊர்க் கோயிலில் எந்தத் திருவிழா உங்கள் குடும்பத்தாரின் உபயம்? கேட்டு எழுதுங்கள். எழுத்தறியாப் பாட்டியும் திதியை மறப்பதில்லை.

இரண்டாவது ஆவணம். பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப் பத்திரங்களின் பிரதிகளைப் பெறுங்கள். அவற்றோடு காணி உறுதிகளையும் வாசியுங்கள். தாய்வழியை அறிவதற்குச் சீதன உறுதிக்கு நிகரான ஏடு இல்லை. கொடுத்தோர் பெயரும் பெற்றோர் பெயரும் காணியின் பெயரும் அதில் நிற்கும். பாடசாலைச் சேர்வு இடாப்பும் சாதகக் குறிப்பும் துணைபுரியும். 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வெள்ளவத்தை வீடுகள் எரிந்தபோது, அலுமாரியோடு இத்தகைய ஏடுகளும் சாம்பராயின. ஆதலின் எந்தப் பத்திரத்தையும் ஒரே இடத்தில் வையாதீர்கள். படமெடுத்து, உறவினர் இருவரிடமேனும் கொடுத்துவையுங்கள்.

மூன்றாவது சாட்சி. முதியோரிடம் சென்று கேளுங்கள். ஆனால் கேட்கும் முறை உண்டு. பெற்ற தாய் வேறொரு குடும்பத்தில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவள் தன் பழைய கதையைக் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லாதிருக்கலாம். அவள் மானமும் நம் பொறுப்பேயாகும். தனிமையில், ஒருவர் மூலமாக, அவள் விருப்பம் அறிந்தே அணுகல் வேண்டும். இக்காலத்தில் உமிழ்நீரைக் கொண்டு மரபணு ஆராய்ந்து உறவினரைக் காட்டும் பரிசோதனைகளும் வந்துவிட்டன. அவற்றின் விடை ஒருவர்க்கு மாத்திரம் வருவதன்று. எதிர்பாராத பல வீடுகளின் கதவையும் அது தட்டும்.

வரையும்போது தத்துப்பிள்ளையின் பெயரை ஒரே இடத்தில் எழுதுங்கள். பெற்றோரிலிருந்து ஒரு கோடு வரட்டும். வளர்த்தோரிலிருந்து இரட்டைக் கோடு வரட்டும். வளர்த்தோரின் முன்னோரும் அவன் முன்னோரே. பெற்றோரின் முன்னோரும் அவ்வாறே. பெயர் தெரியாதவிடத்து வெற்றிடம் விடுங்கள். கற்பனைப் பெயரால் நிரப்பாதீர்கள். வெற்றிடம் பின்வருவோரைத் தேடத் தூண்டும். பொய்ப்பெயர் தேடலை நிறுத்திவிடும். ஆச்சிரமத்திலோ இல்லத்திலோ வளர்ந்தவர் அவ்வில்லத்தின் பெயரையும் சேர்ந்த நாளையும் எழுதுக. அதுவும் வேரே.

பெரியோர்களுக்கு ஒரு சொல். பிள்ளைக்கு நீங்களே சொல்லுங்கள், இளமையிலேயே சொல்லுங்கள். கதை சொல்லும் வயதில் சொன்னால் அது கதையோடு கதையாய் இனிக்கும். பத்திரம் சொல்லும்வரை காத்திருந்தால், பிள்ளை மனம் நோவது தத்துக் கொடுக்கப்பட்டதற்காக அன்று. எல்லோரும் அறிந்ததைத் தான் மாத்திரம் அறியாதிருந்ததற்காகவே. இதை நான் நூலிற் படித்து எழுதவில்லை.

என் வீட்டுச் சுவரில் இப்போது ஒரு கொடிவழி தொங்குகின்றது. அதன் நடுவே என் பெயர் ஒரு முறையே உளது. ஒருபுறம் கொட்டாஞ்சேனையில் என்னைத் தோளில் சுமந்த ஐயாவும் அம்மாவும். மறுபுறம் சின்னம்மாவும் அவர் கணவரும். சின்னம்மா மறைந்து பல ஆண்டுகள் ஆயின. உயிரோடிருந்த காலத்தில் நான் அவரை அம்மா என்று ஒருநாளும் அழைத்ததில்லை. அவரும் அதைக் கேட்டதில்லை. தாயை இழந்தோர் விரதமிருக்கும் சித்திரா பௌர்ணமியில் இப்போது நான் இரண்டு தாயர் பெயரையும் சொல்லுகின்றேன். கொடிவழியிலும் அவருடைய பெயரின் கீழ் "அம்மா" என்றே எழுதியிருக்கின்றேன்.

வாலிபர்காள், உங்கள் கொடிவழியை இவ்வாண்டே எழுதத் தொடங்குங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லக்கூடியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். பெற்றோரையும் வளர்த்தோரையும் ஒருசேரப் போற்றிய நாவலூரரின் நெறி நமக்கு வழித்துணையாகுக.